எண்பதுக்கு அப்புறம்

கடைசிப் பீரியட் மணி மூன்று இருபதுக்கு அடித்தது. நாலு பத்துக்குப் பள்ளிக்கூடம் விடும். இடையில் ஐம்பது நிமிஷம், அதற்குள் சண்முகவடிவு ஒரே ஒரு வரி எழுதியாக வேண்டும், அதுவும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்கிற வரிகூட இல்லை, ஞானசிகாமணி சார் தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போன வரி, மூன்றே மூன்று வார்த்தை, மெல்லக் கற்கும் மாணவி, எழுதினால் பயிற்சியில் தேர்ச்சி, எழுதாவிட்டால் இன்னொரு வருஷம். எழுதித் தொலைத்துவிட்டுப் போயேன், உன் கையை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டதற்குப் பதிலாகக் காதுமடல் இரண்டும் சுட்டது, கோபம் அவளுக்கு எப்போதும் காதில்தான் முதலில் வரும், பிறகுதான் வாய்க்கு, இன்றைக்கு வாய்வரை வராமலே நின்றுவிட்டது, அதுதான் இப்படிக் கொதிக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் உட்காருகிற நாற்காலி அந்த அறையில் ஒன்றுதான் உண்டு, அது வகுப்பாசிரியை கஸ்தூரி டீச்சருடையது, டீச்சர் ஏதோ விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருந்தாலும் அதில் பயிற்சிக்கு வந்தவர்கள் உட்காரக் கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம், முப்பத்துநாலு வயசானாலும் சரி, எம்.எஸ்சி., எம்.ஃபில். முடித்திருந்தாலும் சரி. பிள்ளைகள் இருபத்தாறு பேரும் ரயில் படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெழுகு வாசனை. யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள், சிந்திவிட்டு வா என்று சொல்லக்கூட இவளுக்கு வாய் வரவில்லை.

இத்தனைக்கும் என்ன கொலைக்குற்றம் நடந்துவிட்டது. ரெண்டு மணிக்கு அவளுடைய மதிப்பீட்டு வகுப்பு, ஐந்து வாரப் பயிற்சிக்கும் சேர்த்து இதை வைத்துத்தான் மதிப்பெண், பின்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஞானசிகாமணி சார், பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர், மடியில் மதிப்பெண் தாள். நூறுவரை எண்கள், பாடம் அவ்வளவுதான். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, அடுத்து என்ன என்று கேட்டாள். இரண்டாம் வரிசையிலிருந்து இசக்கிதர்ஷினி துள்ளி எழுந்து, "ஒம்பது!" என்றாள். வகுப்பு மொத்தமும் கெக்கெக்கே என்று சிரித்தது. அந்தப் பிள்ளை அசரவில்லை, சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்து விரலை மடக்கி மடக்கிச் சொன்னது, "இருவது, முப்பது, நாப்பது, அம்பது, அறுவது, எழுவது, எம்பது, ஒம்பது." சொல்லிவிட்டு இதில் என்ன சிரிப்பு என்கிற மாதிரி நின்றது. சண்முகவடிவுக்கு அந்த நிமிஷம் கையில் சாக்பீஸ் இருந்ததே மறந்துபோனது. எட்டு வருஷம் கல்லூரியில் கணக்கு நடத்தியவள், பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவள், ஒரு நாளாவது இது காதில் விழுந்திருக்கிறதா. ஆமாம், எண்பதுக்கு அப்புறம் ஒன்பதுதானே வர வேண்டும். ஒன்பது என்கிற பேரிலேயே ஒரு பது ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொண்ணூறில் நூறு, தொள்ளாயிரத்தில் ஆயிரம், ஒன்பதின் குடும்பம் முழுக்க ஒரு வீடு தள்ளிக் குடியிருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்பதாயிரம் என்று நல்ல பிள்ளையாகச் சொந்த வீட்டுக்கு வந்துவிடுகிறது. "நீ சொன்னது சரிதாம்ட்டி," என்றாள், "அப்படித்தான் வந்திருக்கணும். பேரு வச்சவங்கதான் ஒரு படி வழுக்கிட்டாங்க." பலகையில் மூன்றையும் எழுதி, பது, நூறு, ஆயிரம் மூன்றையும் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினாள். நாலே நிமிஷம். பிள்ளைகள் ஒளிந்திருந்த ஆளைப் பிடித்தது போலக் கூச்சல் போட்டார்கள். அதன் பிறகு தொண்ணூற்று மூன்றை எழுதச் சொன்னபோது ஒருத்தர்கூட நூற்று மூன்று என்று எழுதவில்லை. ஒருத்தர்கூட. அதைப் பார்க்காமல் சார் தாளில் என்னத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்?

வகுப்பு முடிந்ததும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மேடம் என்றார். அந்த மேடம்தான் அவளுக்கு ஆகாது, மற்றப் பயிற்சி மாணவிகளை வாம்மா போம்மா என்பார், பத்தொன்பது வயசுப் பிள்ளைகள், இவளை மட்டும் எம்.ஃபில். மேடம், சொல்லும்போது உதட்டின் ஒரு ஓரம் மேலே போகும். "யாரு மேடம் வழுக்குனது? தமிழா? ரெண்டாயிரம் வருஷ மொழி வழுக்கிட்டுன்னு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட சொல்லுதீங்க, நான் பின்னால உக்காந்து கேட்டுட்டு இருக்கணும். பாடக்குறிப்புல இது எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்." பாடக்குறிப்பில் இல்லைதான். பாடக்குறிப்பு முந்தின நாளே எழுதுவது, அந்தப் பிள்ளை மறுநாள் ரெண்டு மணி பதினெட்டு நிமிஷத்துக்கு என்ன சொல்லும் என்று முந்தின நாளே எப்படி எழுதுவது, இதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் குரலை இறக்கினார், அதுதான் அசிங்கம், திட்டியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல மேடம். மார்க் லிஸ்ட்டை இன்னைக்கு சாயந்தரம் கவர்ல போட்டு ஒட்டி அனுப்பணும். ஒரு வழி சொல்லுதேன். உங்க தனியாள் ஆய்வுக்கு அந்தப் பிள்ளையத்தானே எடுத்திருக்கீங்க? முடிவுங்குற கட்டத்துல மெல்லக் கற்கும் மாணவின்னு எழுதிருங்க. அப்ப நீங்க செஞ்சது பின்தங்கின பிள்ளைக்கான குறைதீர் கற்பித்தல்னு ஆயிரும். நானும் அதுக்குண்டான மார்க்கைப் போட்டுருவேன். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் பிரச்சினை இல்ல." அந்தப் பிள்ளைக்கு? இந்த ஒரு கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் கேட்டது என்னவென்றால், "எத்தனை மணிக்குள்ள சார் வேணும்?"

எத்தனை மணிக்குள்ள சார் வேணும். த்தூ. இதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்னையே ரெண்டு அறை அறையலாம் போலிருந்தது. கல்லூரியில் துறைத்தலைவரிடம் வாயடித்தவள்தானே, ஒரு பையனுக்குப் பாஸ் மார்க் போடுங்கள் என்று வந்த நிர்வாகத்து ஆளிடம் அந்தப் பையன் எழுதிய பேப்பரையே கொடுத்து நீங்களே திருத்துங்கள் என்று சொன்னவள்தானே, அந்தத் துறையையே ஆள் சேரவில்லை என்று இழுத்து மூடினபோதுகூட அழாமல் வீட்டுக்கு வந்தவள்தானே. இங்கே எங்கே போயிற்று அந்த வாய். குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் வாயும் குட்டியாகிவிடுமோ. தொடக்கப்பள்ளி ஆசிரியப் பயிற்சிக்குச் சேரப் போகிறேன் என்றபோது வீட்டுக்காரர் கதிரேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார், "எம்.ஃபில். முடிச்சவ அனா ஆவன்னா படிக்கப் போறா, கேட்டுக்கிடுங்க ஊராரே." சிரித்தாரே தவிரத் தடுக்கவில்லை, அதற்காக அவரை மன்னித்துவிட்டிருந்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு அப்படியே எங்கேயோ கிடக்கிறது, இன்றைக்கு மாதிரி நாளில் எழுந்து உட்காருகிறது. ஏன் சேர்ந்தேன் என்று யாராவது கேட்டார்களா. நேர்முகத்துக்குப் போன இடத்தில் வேறு வேலை கிடைக்கவில்லையா என்றுதான் கேட்டார்கள். பட்ட வகுப்பில் வந்து உட்காருகிற பையன் ஆயிரத்திலிருந்து எழுபத்தெட்டைக் கழிக்கத் தெரியாமல் கால்குலேட்டரைத் தேடுவான், அவனைத் தோண்டிக்கொண்டே போனால் பத்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, கடைசியில் மூன்றாம் வகுப்பில் ஏதோ ஒரு மத்தியானத்தில் போய் முட்டும், அங்கே யாரோ ஒரு டீச்சர் அவனைத் தப்பு என்று சொல்லி உட்கார வைத்திருப்பாள், ஏன் தப்பு என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அந்த மத்தியானத்தைப் பிடிக்கத்தான் வந்தாள். எம்.ஃபில்லுக்கு அவள் செய்த ஆராய்ச்சி என்ன, புள்ளிகளையும் கோடுகளையும் போட்டுக்கொண்டு எந்தப் புள்ளிக்கு எந்த எண்ணை ஒட்டலாம் என்று பார்ப்பது, நூற்றிருபது பக்கம், ஒட்டின எண்ணால் எந்தப் புள்ளியும் அழுததில்லை. இங்கே வந்தால் தெர்மாகோலில் ரயில் செய்யச் சொல்கிறார்கள். துணைக்கருவிக்கு இருபது மார்க், ஓரத்துக்கு ஸ்கெட்ச் பேனாவில் பூ வரைந்தால் அதற்குத் தனியாக ஒரு மெச்சல், பிள்ளை என்ன சொல்லிற்று என்பதற்கு எந்தக் கட்டத்திலும் மார்க் கிடையாது.

"டீச்சர், ஒண்ணுக்கு." "போ." "டீச்சர், நானும்." "ரெண்டு பேரும் சேந்து போய்ட்டு ஓடி வாங்க." கடிகாரம் மூன்று முப்பத்தேழு. நோட்டைத் திறந்தாள். தனியாள் ஆய்வு என்று வட்ட வட்டமான எழுத்தில் அவளே எழுதியது. மாணவி பெயர், இசக்கிதர்ஷினி. வயது, எட்டு. தாய், பீடி சுற்றுகிறார். உயரம், எடை, பிடித்த உணவு, பழகும் விதம். எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது, முடிவு என்கிற கடைசிக் கட்டம் மட்டும் காலி. இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள், பத்து வருஷம் கழித்துக் கரையான் படிக்கும். அப்படித்தானே. அப்படி இல்லை. இதற்கு ஒரு நகல் உண்டு, அது வகுப்பாசிரியைக்குப் போகும், கஸ்தூரி டீச்சர் கெட்டவள் இல்லை, எழுதியிருப்பதை நம்புகிறவள், அதுதான் சிக்கல். இந்த வகுப்பில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாக உட்காருகிறார்கள், பேரெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அரும்பு என்றால் ஒன்றும் தெரியாதவர்கள் என்று இருபத்தாறு பிள்ளைகளுக்கும் தெரியும். இசக்கிதர்ஷினி இப்போது மொட்டு. நகல் போய்ச் சேர்ந்தால் திங்கட்கிழமை அரும்புப் பாய், நாற்காலி வரிசையை விட்டு மூலையில் விரித்திருப்பது. அரும்புப் பாய்க்குப் போன பிள்ளையைப் பலகைக்குக் கூப்பிடமாட்டார்கள். பலகைக்குக் கூப்பிடாத பிள்ளை ஒம்பது என்று துள்ளி எழாது. அவ்வளவுதான், முடிந்தது, பதினைந்து வருஷம் கழித்து ஆயிரத்திலிருந்து எழுபத்தெட்டைக் கழிக்கத் தெரியாமல் எங்காவது நிற்கும், அப்போது அதைத் தோண்டிக்கொண்டே வருகிற யாரோ ஒருத்தர் இந்த மத்தியானத்தில் வந்து முட்டுவார், முட்டுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருப்பாள்.

அவள்தான். இங்கே வந்ததும் மனசு சட்டென்று திரும்பி வேறு பக்கம் ஓடப் பார்த்தது, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, குழாயை யாரோ சரியாக மூடவில்லை, போன பிள்ளைகள் இன்னும் வரவில்லை, ஆனால் ஓட முடியவில்லை. ஞானசிகாமணியை இத்தனை திட்டுகிறாயே, முதல் வாரம் நீ என்ன செய்தாய். பயிற்சிக்கு வந்த மூன்றாம் நாள். சொல்வதை எழுதுங்கள் என்று தொண்ணூத்தி மூணு என்றாள், இசக்கிதர்ஷினி 103 என்று எழுதியிருந்தது, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டாள், போட்டதோடு விட்டாளா, "கவனம் எங்க இருக்கு? அம்பது தடவ எழுதிட்டு வா," என்றாள். மறுநாள் காலை அந்தப் பிள்ளை நோட்டை நீட்டிற்று. ஐம்பது வரி. தொண்ணூற்று மூன்று, 103. தொண்ணூற்று மூன்று, 103. ஐம்பது வரியும் முத்து முத்தாக, ஒரு அடித்தல் இல்லை, ஐம்பதாவது வரிவரைக்கும் 103. வீட்டில் பீடி இலை வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து, விரல் வலிக்க வலிக்க, தன் காதில் விழுந்ததைத் தான் நம்பி, தொண் என்று ஏதோ ஒரு சத்தம், அதற்குப் பிறகு நூத்தி மூணு தெளிவாகக் கேட்கிறதே, அதை எழுதியிருக்கிறது. அப்போதாவது புரிந்ததா இந்த எம்.ஃபில்லுக்கு? புரியவில்லை. அடம் பிடித்த பிள்ளை என்று நினைத்தாள். தலையில் குட்டினாள். வலிக்கிற குட்டு இல்லை, ஆனால் குட்டுதான், அதை அவள் கதிரேசனிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் குட்டை வாங்கின பிள்ளைதான் இன்றைக்கு மத்தியானம் பயப்படாமல் எழுந்து ஒம்பது என்றது. தன்மேல் வந்த கோபத்துக்குப் போக்கிடமே இல்லை. ஞானசிகாமணிமேல் வந்ததையாவது பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தை நினைத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

"யக்கா." வாசலில் ரோஸ்லின், கூடப் பயிற்சிக்கு வந்திருக்கிற பிள்ளை, நாலாம் வகுப்பில் போட்டிருந்தார்கள், இவளைவிடப் பதினைந்து வயசு சின்னவள், துப்பட்டா முழுக்கச் சாக்பீஸ் பொடி. "சார் கேக்காங்க, நோட்டு முடிஞ்சுதான்னு. வடை வாங்கிட்டு வரச் சொல்லி உக்காந்திருக்காங்க, நாலு பத்துக்குக் கிளம்பிருவாங்களாம்." "நீ உன் ஆய்வுல என்ன எழுதுன?" "நானா? மெல்லக் கற்கும் மாணவன்னுதான். போன வருச செட்டு அக்கா நோட்டப் பாத்து எழுதுனேன், அதுலயும் அப்படித்தான் இருந்துச்சு. எல்லாரும் அதானக்கா எழுதுவாங்க." "அந்தப் பையனுக்கு என்ன தெரியாது?" ரோஸ்லின் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள், பிறகு வெட்கத்தோடு, "அது பாக்கலியேக்கா," என்றாள். சண்முகவடிவுக்குச் சிரிப்பும் வந்தது வயிறும் எரிந்தது. வருஷா வருஷம் ஒரு நோட்டைப் பார்த்து இன்னொரு நோட்டு, எத்தனை பிள்ளைகள் இப்படி மெல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தரும் ஒருத்தரையும் பார்க்காமலே. "யக்கா, எழுதிக் குடுத்துருங்க. இன்னொரு வருசம் யாரு வருவா. உங்களுக்கு வயசு வேற..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டாள். வயசு வேற. சரிதான். அடுத்த வருஷம் முப்பத்தைந்து. திரும்பவும் முதலிலிருந்து பாடக்குறிப்பு, திரும்பவும் தெர்மாகோல், கதிரேசன் ஒன்றும் சொல்லமாட்டார், சிரிப்பார், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், என்ன டீச்சர் இன்னும் முடியலியா. தகுதித் தேர்வு அறிவிப்பு வந்தால் அதையும் எழுத முடியாது. ஒரு பிள்ளையின் பேருக்குப் பக்கத்தில் மூன்று வார்த்தை. தேர்ச்சியாகி வேலைக்குப் போனால் எத்தனை நூறு பிள்ளைகளுக்கு நல்லது செய்யலாம், அதற்கு இந்த ஒன்று. இப்படித்தான் ஞானசிகாமணியும் ஒருநாள் யோசித்திருப்பாரோ, அவருக்கும் ஒரு நோட்டு, அவருக்கும் ஒரு பிள்ளை. கடிகாரம் மூன்று ஐம்பத்தொன்று. பேனாவைத் திறந்தாள். எழுதினாள். மெல்லக் கற்கும் மாணவி. எழுத்து நன்றாக வந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"டீச்சர், எஞ்சினுக்கு என்ன கலர் அடிக்க?" பக்கத்தில் வந்து நின்றது யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது. எண்ணெய் வழிய இழுத்துப் பின்னின ரெட்டை ஜடை, ஒரு ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது. நோட்டை மூட வேண்டும் என்று தோன்றுவதற்குள் இசக்கிதர்ஷினியின் கண் அதில் விழுந்துவிட்டது. "ஐ, எம்பேரு!" விரலை வைத்து எழுத்துக் கூட்டிற்று, மெழுகு ஒட்டின பச்சை விரல், ஒவ்வொரு எழுத்தாக இறங்கிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. "முடி...வு. மெல்...லக்... கற்...கும்... மாண...வி." வாசித்து முடித்துவிட்டு மூச்சு விட்டது. "மாணவின்னா நாந்தான டீச்சர்?" "ஆமா." "மெல்லன்னா, சத்தம் போடாமயா?" இந்த வகுப்பில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கஸ்தூரி டீச்சர் சொல்வது அதைத்தான், மெல்லப் பேசுங்க, மெல்லப் படிங்கட்டி, சந்தையா இது. மெல்லப் படிக்கிறவர்கள் நல்ல பிள்ளைகள், கத்துகிறவர்கள்தான் அடி வாங்குகிறவர்கள். பிள்ளையின் முகம் மலர்ந்தே போயிற்று. திரும்பி வகுப்புக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏட்டி மகா, டீச்சர் என்னயப் பத்தி நோட்டுல எழுதிருக்காவ! நான் மெல்லப் படிக்கிற பிள்ளையாம்! நீதான் கத்திக் கத்திப் படிக்க!" என்றது. மகா என்கிற அந்தப் பிள்ளை உதட்டைச் சுழித்தாள், நிஜமான பொறாமை. இசக்கிதர்ஷினி தன் இடத்துக்கு ஓடித் தன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. நடுப்பக்கத்தைப் பிரித்து நீட்டிற்று. "டீச்சர், அதே மாரி எந்நோட்டுலயும் எழுதித் தாங்க டீச்சர். எங்கம்மாட்ட காட்டணும். எங்கம்மா வாசிக்க மாட்டா, நான் வாசிச்சுக் காட்டுவேன்."

அந்த நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை காத்து நின்றது. கோபம் காதைத் தாண்டி, வாயைத் தாண்டி, கைக்கு வந்திருந்தது. பச்சை மெழுகு தீற்றின அந்த மூன்று வார்த்தையின் மேல் ஸ்கேலை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அடித்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி, போட்டாள், முழுப் பெயரையும் போட்டாள், இரண்டு பட்டங்களையும் சேர்த்தே போட்டாள். கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள்: இம்மாணவி கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறார். எண்களின் பெயரில் உள்ள தடுமாற்றத்தை இவராகவே கண்டுபிடித்தார். இதைப் புரிந்துகொள்ளப் பயிற்சி ஆசிரியைக்கு ஐந்து வாரம் ஆயிற்று. மெல்லக் கற்றது ஆசிரியை. பிறகு பிள்ளையின் நோட்டில், நல்லாக் கேக்கிற பிள்ளை என்று பேச்சுத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தாள். இசக்கிதர்ஷினி வாசித்துப் பார்த்தது. முகம் கொஞ்சம் வாடிற்று. "மெல்லன்னு போடலியே டீச்சர்." "போட மாட்டேன்," என்றாள் சண்முகவடிவு, குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது, "நீ மெல்லப் படிக்காத. கத்திப் படி. உங்கம்மாவுக்குக் கேக்கணும்லா."

தலைமையாசிரியர் அறையில் ஞானசிகாமணி சார் மட்டும் இருந்தார், தலைமையாசிரியை வெளியே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போயிருந்தார். மேஜையில் மதிப்பெண் பட்டியல், பசை டப்பா, காகிதத்தில் வடை. "கொண்டாங்க கொண்டாங்க," என்று கையை நீட்டினார். அவள் நோட்டைக் கையில் கொடுக்காமல் மேஜையில் அவர் பக்கமாகத் திருப்பி, அந்தப் பக்கத்தைப் பிரித்தே வைத்தாள். அவர் குனியவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வெளியே நூற்றைம்பது பிள்ளைகள் நாட்டுப்பண்ணைத் தொடங்கிவிட்டார்கள். ஞானசிகாமணி சார் ஒழுங்குக்காரர், கடித்த வடையை விழுங்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் வெடுக்கென்று எழுந்து விறைப்பாக நின்றார். அவளும் நின்றாள். மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், இருவரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. அவர் கண் மட்டும் கீழே இறங்கிற்று. கோட்டைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், கீழே இருந்ததை வாசித்தார், வாசிப்பது கன்னத்தில் தெரிந்தது. மெல்ல முடியாமல் நின்ற கன்னம் சிவந்தது. இப்படி ஒரு நிமிஷம் அவரைப் பேசவிடாமல் நிறுத்தி வாசிக்க வைக்க வேறு எந்தச் சட்டத்தாலும் முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக அவளுக்குக் காது சுடவில்லை. வெளியே பாட்டு முடிந்தது. அவர் வடையை விழுங்கினார், தண்ணீர் குடித்தார், பட்டியலை இழுத்து அவள் பெயருக்கு நேராக ஒரு சின்னக் கோடு போட்டார். நிமிராமலே, "அப்ப அடுத்த வருசம்தான் மேடம்," என்றார்.

"வாரேன் சார்," என்றாள் அவள்.